மலையகத்துக்கு ஒரு டார்டன்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில ஸ்கொட்லாந்துக்காரரின்ட டார்டன் துணி பற்றி ஒரு சின்னப் பந்திதான் எழுதினன், அந்தக் கட்டம் போட்ட கம்பளித் துணி, கில்ட் தைக்கிறது, அதுதான் அங்க ஆம்பிளையள் இடுப்பில கட்டுற மடிப்புப் பாவாடை. அதுக்கு இவ்வளவு கடிதம் வருமெண்டு நினைக்கேல்ல. வந்ததில அஞ்சை எடுத்து இந்த முறை பதில் சொல்லுறன், ஊர்ப் பெயரை மட்டும் போட்டிருக்கிறன்.

கொட்டாஞ்சேனை வாசகர்: எங்க குடும்பம் அக்கரபத்தனை பக்கம். தாத்தா காலத்துல இருந்து தோட்டம்தான், அப்பாதான் முதல்ல கொழும்புக்கு வந்தாரு. தம்பி இப்ப கிளாஸ்கோவுல வேலை செய்யுறான். அங்க நெறைய ஊருக்குத் தனி டார்டன் இருக்குதாம், கனடாவுல மாகாணத்துக்கே இருக்குதாம். எங்க தோட்டங்களுக்கெல்லாம் அவங்க ஊர்ப் பேரைத்தானே வச்சாங்க, அப்ப மலையகத்துக்குன்னு ஏன் ஒரு டார்டன் செய்யக்கூடாதுன்னு கேக்குறான். ஒம்பது கலர் வச்சு ஒரு படம் கீறியிருக்கோம், இத்தோட அனுப்புறேன். இதை யாருகிட்ட குடுத்தா அங்கீகாரம் கிடைக்கும்?

உங்கட படத்தை மூண்டு நாளா மேசையில வச்சுப் பாத்துக்கொண்டிருக்கிறன், ஆசையோட செய்த வேலை எண்டு பாத்த உடனே விளங்குது. கேள்வியில ரெண்டு விஷயம் ஒண்டாக் கலந்து கிடக்கு, முதல்ல அதைப் பிரிச்சுச் சொல்லுறன். பதிவு வேற, அங்கீகாரம் வேற.

பதிவுக்கு இடம் இருக்கு. ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் 2008ல ஒரு சட்டம் கொண்டு வந்து, அதுக்குப் பிறகு 2009 பெப்ரவரியில டார்டன் பதிவேடு ஒண்டைத் திறந்தது, எடின்பரோவில இருக்கிற தேசிய ஆவணக் காப்பகம்தான் அதை வச்சு நடத்துது. உலகத்தில எங்க இருந்தும் ஆரும் விண்ணப்பிக்கலாம், ஒன்லைன்லயே செய்யலாம், கட்டணம் கனகாலமா 70 பவுணா இருந்தது, கட்ட முதல் இப்ப எவ்வளவு எண்டு தம்பியை ஒருக்காப் பாக்கச் சொல்லுங்கோ. அவை பாக்கிறது முக்கியமா மூண்டு விஷயம். அது உண்மையா நெய்யக்கூடிய டிசைனா, ஏற்கனவே பதிஞ்ச எதையும் போல இல்லாம வேறயா இருக்கா, வைக்கிற பெயருக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு. இந்த மூண்டாவதுதான் உங்களுக்கு வேலை வைக்கும். "எங்கட குடும்ப டார்டன்" எண்டு போட்டா ஒரு கரைச்சலும் இல்லை, ஆனா "மலையகம்" எண்டு போட்டா ஆர் உங்களுக்கு அந்தப் பெயரைத் தந்தது எண்டு கேக்கிறது நியாயம்தானே. அதால உங்கட பக்கத்துச் சங்கங்கள், ஆசிரியர்கள், தோட்டத்து ஆக்கள் இவையிட்ட இருந்து சம்மதக் கடிதங்களை முதல்லயே வாங்கிக் கையில வச்சுக்கொள்ளுங்கோ, பதிவேட்டுக்காரர் கேட்டாலும் கேக்காட்டியும் அது வேணும்.

அங்கீகாரம் எண்டுறது இதுக்குப் பிறகு வாற கதை. பதிவேட்டில ஏறினா ஒரு சேர்ட்டிபிக்கட் வரும், அது "இப்பிடி ஒரு டார்டன் இருக்கு" எண்டு எழுதி வைக்கிறது மட்டும்தான், இதுதான் இந்தப் பிரதேசத்தின்ட உத்தியோகபூர்வத் துணி எண்டு அந்தப் பேப்பர் ஒரு இடத்திலயும் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது அந்தப் பிரதேசம்தான். கனடாவில நோவா ஸ்கோஷியா மாகாணத்தின்ட கதையைப் பாருங்கோ, எனக்கு மிச்சம் பிடிச்ச கதை இது. 1953ல பெஸ்ஸி மரே எண்ட நெசவுக்கார அம்மா ஒரு விவசாயக் கண்காட்சிக்கு ஆடு வளர்ப்புப் பற்றி ஒரு பெரிய துணிச் சித்திரம் செய்தா, அதில கில்ட் கட்டின ஒரு சின்ன இடையன். ஸ்கொட்லாந்துக்காரரில ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு டார்டன் எண்டு வழக்கம், அதால அந்தக் கில்டுக்கு எந்தக் குலத்தின்ட டார்டனைப் போட்டாலும் மற்றக் குலத்துக்காரர் முகம் சுழிப்பினம் எண்டு ஒருத்தருக்கும் சொந்தமில்லாத ஒரு கட்டத்தைப் புதுசா உருவாக்கினா, கடலுக்கு நீலம், அலைக்கும் பாறைக்கும் வெள்ளை, காட்டுக்குப் பச்சை, அதோட கொஞ்சம் பொன்னும் சிவப்பும். சனம் சித்திரத்தை விட்டுட்டு அந்த இடையன்ட துணி எங்க வாங்கலாம் எண்டு கேக்கத் தொடங்கிச்சு. 1956ல ஸ்கொட்லாந்தில லோட் லயன் எண்ட சின்னங்களுக்கான அதிகாரியிட்டப் பதிஞ்சாச்சு, மாகாணம் சட்டம் போட்டது 1963ல. துணி முதல் வந்தது, சனம் ரெண்டாவது, சட்டம் கடைசி. கனடா முழுக்கத்துக்கும் இருக்கிற மேப்பிள் இலை டார்டனை டேவிட் வைசர் எண்டவர் 1964ல செய்தார், இலை பச்சையா இருந்து பழுத்துச் சிவந்து காயிற நிறமெல்லாம் அதில இருக்கு, நாட்டின்ட உத்தியோகபூர்வச் சின்னமா அறிவிச்சது 2011ல, 47 வருஷம்! அந்த 47 வருஷமும் ஆக்கள் அதை உடுத்திக்கொண்டுதான் இருந்தவை.

எங்கட நாட்டில மாகாணத்துக்குக் கொடி இருக்கு, துணி எண்டு ஒண்டு ஒருத்தரும் கேட்டதில்லை. கேக்கிற முதல் ஆள் நீங்களா இருக்கலாம். ஆனா ஒண்டு, மலையக ஆக்களுக்கு அங்கீகாரம் எண்ட சொல் லேசான சொல் இல்லை. 1948ல பிரஜாவுரிமையைப் பறிச்சு, மிச்சம் இருந்த ஆக்களுக்குத் திருப்பிக் குடுக்கிற சட்டம் 2003ல வருமட்டும் கடதாசிக்காகக் காத்திருந்த சனம் அது. அதால இந்தத் துணி விஷயத்தில கடதாசியை முதல்ல தேடி ஓடாதேங்கோ. முதல்ல சனத்திட்டக் கொண்டு போங்கோ.

இனிப் படத்துக்கு வாறன். ஒம்பது நிறம் கூட. ஏனெண்டு கணக்காச் சொல்லுறன். டார்டன்ல பாவில, அதாவது நெடுக்கால போற நூலில, என்ன வரிசையில நிறம் போகுதோ அதே வரிசையிலதான் ஊடையிலயும், குறுக்கால போற நூலிலயும், போகும், அப்ப ஒவ்வொரு நிறமும் மற்ற ஒவ்வொண்டையும் ஒருக்காலாவது குறுக்க வெட்டும், வெட்டுற இடத்தில ரெண்டும் பாதிக்குப் பாதி கலந்து தூரத்தில இருந்து பாக்க ஒரு புது நிறமாத் தெரியும். அஞ்சு நிறம் எடுத்தா தனி நிறம் அஞ்சு, கலப்பு பத்து, மொத்தம் 15. ஒம்பது எடுத்தா 45. நாப்பத்தஞ்சு நிறம் ஒரு சாண் துணிக்குள்ள கிடந்தா கண்ணுக்கு ஒண்டும் பிடிபடாது, எல்லாம் சாம்பலாத்தான் தெரியும். உங்கட கொடிச் சிவப்பையும் கொழுந்துப் பச்சையையும் பக்கத்தில பக்கத்தில அகலமா வச்சிருக்கிறியள், அது கலக்கிற இடம் சேத்து மண் மாதிரி வரும், கலர் பென்சிலால கீறேக்க இது தெரியவே தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. ஒரு பிஸ்கட் பெட்டி மட்டையை ரெண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, நீங்கள் நினைச்சிருக்கிற நிறத்தில தையல் நூலோ கம்பளி நூலோ எடுத்து, நெருக்கமா ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டாச் சுத்திப் பாருங்கோ, இத்தனை சுத்து பச்சை, இத்தனை சுத்து வெள்ளை எண்டு. பிறகு அறையின்ட மற்ற மூலையில வச்சிட்டு இஞ்சால வந்து நிண்டு பாருங்கோ. நான் போன ஞாயிறு உங்கட படத்தில இருந்து அஞ்சு நிறத்தை மட்டும் எடுத்து இப்பிடிச் சுத்திப் பாத்தன். வந்த நூல் கணக்கு இது: கொழுந்துப் பச்சை 40, மண்ணிறம் 12, திரும்ப அதே பச்சை 4, பனிக்கு வெள்ளை 6, தூரத்து மலையின்ட நீலம் 20, மஞ்சள் 4. முதல் பச்சையும் கடைசி மஞ்சளும் திரும்பு முனை, அதாவது மஞ்சள் வரை போய் அதே வழியால திரும்பிப் பச்சைக்கு வரும், அப்ப ஒரு முழுக் கட்டத்துக்கு 128 நூல். இஞ்சிக்கு 40 நூல் எண்டு நெய்தா மூண்டே கால் இஞ்சிக்குக் கிட்ட வரும், சாரத்துக்கும் சால்வைக்கும் நல்ல அளவு. இப்பிடி எழுதின நூல் கணக்கைத்தான் பதிவேட்டுக்கும் குடுக்கிறது. இதை அப்பிடியே எடுக்க வேண்டாம், உங்கட சனம் மாத்தட்டும், ஆனா கணக்கு எழுதுற முறை இதுதான்.

தெஹிவளை வாசகி: ஒரு குலத்தின் டார்டனை சம்பந்தமே இல்லாத நாங்கள் உடுத்தினால் பிழையா? என் மகளுக்கு ஒரு பாவாடை வாங்கினேன், அது எந்தக் குலமோ தெரியவில்லை.

தாராளமா உடுத்தலாம், தடுக்கிற சட்டம் எதுவும் இல்லை. மரியாதைக்கு விலகி நிக்கிற டார்டன் ஒண்டு ரெண்டு இருக்கு, பல்மோரல் டார்டன் அப்பிடி ஒண்டு, விக்டோரியா மகாராணியின்ட கணவர் அல்பேர்ட் 1853ல செய்தது, ராஜ குடும்பம்தான் உடுத்திறது வழக்கம். பல்மோரல் எண்ட பெயரில அக்கரபத்தனையில ஒரு தோட்டமும் இருக்கு எண்டது கொட்டாஞ்சேனை வாசகருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மகள் பாவாடையைச் சந்தோஷமாப் போடட்டும்.

மருதானையில் இருந்து ஒரு வாசகர்: எனக்கு சொந்த ஊர் மருதமுனை. எங்கட வாப்பாவும் மூத்தாப்பாவும் தறியில இருந்த ஆக்கள். நீங்க போட்டிருந்த போட்டோவைப் பாத்தா எங்கட சாரத்துக் கட்டம் மாதிரித்தானே கிடக்கு, இதுக்கு என்ன பெரிய விசேஷம்? எங்கட தறியில இதை நெய்ய ஏலுமா?

உங்கட கேள்விதான் என்னை நல்லா யோசிக்க வச்சது. கட்டம் எண்டுறது ஒரு நாட்டுக்காரருக்கும் சொந்தமில்லை. ஸ்கொட்லாந்தில போல்கேர்க் எண்ட ஊரில 1933ல ஒரு பானை எடுத்தவை, உள்ள கிட்டத்தட்ட 2000 ரோமன் வெள்ளிக் காசு, பானை வாயை அடைச்சிருந்தது ஒரு துண்டுக் கட்டம் போட்ட கம்பளித் துணி, மூண்டாம் நூற்றாண்டுத் துணி. சாயம் ஒண்டும் இல்லை, ஆட்டின்ட சொந்த நிறங்கள்தான், வெளிர் நிறமும் கபிலமும். எங்கட பக்கம் பாத்தா பலயகாட் சாரம் எண்டு கடையில கேக்கிறமே, அந்தப் பெயர் சென்னைக்கு வடக்க இருக்கிற பழவேற்காட்டில இருந்து வந்தது, அந்தக் கரையில இருந்து கட்டத் துணி கப்பல் கப்பலாப் போயிருக்கு. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையும் கட்டம்தான், 2019ல அதுக்குப் புவிசார் குறியீடே கிடைச்சது.

வித்தியாசம் எங்க எண்டா, சாரத்தில பாவும் ஊடையும் ஒரே வரிசையில வரவேணும் எண்டு கட்டாயமில்லை, குறுக்கால வேற நிறம் போடலாம், கரை வேற மாதிரி வரலாம். டார்டன் வழக்கமா நெடுக்கும் குறுக்கும் ஒரே கணக்கில போகும். நெசவும் வேற. சாரம் ஒண்டு விட்டு ஒண்டு, டார்டன் ரெண்டு நூலுக்கு மேல ரெண்டு நூலுக்குக் கீழ, ஒவ்வொரு வரிசையிலயும் ஒரு நூல் தள்ளித் தள்ளிப் போகும், அதாலதான் கிட்டப் போய்ப் பாத்தா நிறம் கலக்கிற இடமெல்லாம் சரிஞ்ச சின்னச் சின்னக் கோடு தெரியும், மழை சாயிற மாதிரி. இதை நெய்ய நாலு மிதிக்கட்டை வேணும், ரெண்டு மிதிக்கட்டைத் தறியில ஏலாது. ஆனா கவனியுங்கோ, அந்த 2008 சட்டம் டார்டனுக்குச் சொல்லுற விளக்கத்தில சரிவு நெசவு வேணும் எண்டே இல்லை, கம்பளி வேணும் எண்டும் இல்லை. ரெண்டோ அதுக்கு மேலயோ நிறக் கோடுகள் நெடுக்கும் குறுக்கும் மாறி மாறி வந்து திரும்பத் திரும்பக் கட்டமா விழ வேணும், நெய்யக்கூடியதா இருக்க வேணும், அவ்வளவுதான். அப்ப உங்கட வாப்பா இருந்த அதே தறியில, பருத்தி நூலில, மலையகத்து டார்டனைத் தாராளமா நெய்யலாம். கொழும்பு வெக்கைக்குக் கம்பளியில எட்டு யார் கில்ட் கட்டிக்கொண்டு ஆர் நடக்கிறது, பருத்தியில ஒரு சாரம், ஒரு சால்வை, பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு ஒரு டை, அதுதான் உடுப்பாகும். கொட்டாஞ்சேனை வாசகர் இதை வாசிச்சா மருதமுனைக்கு ஒருக்காப் போட்டு வாங்கோ எண்டு கேக்கிறன். மலையகத்து நிறத்தைக் கிழக்குத் தறி நெய்யிறது எனக்குப் பெரிய விஷயமாப் படுது, சும்மா சொல்லேல்ல.

வெள்ளவத்தை வாசகர்: டிசைனைப் பதிந்தபின் ஒரு கம்பனி அதைக் கொப்பி பண்ணி வித்தால் என்ன செய்வது?

ஸ்கொட்லாந்துப் பதிவேடு உங்களுக்கு உரிமை ஒண்டும் தராது, அது ஒரு பதிவு மட்டும்தான், இதைக் கனபேர் பிழையா விளங்கியிருக்கினம். விக்கிறதைத் தடுக்க வேணும் எண்டா இஞ்ச கொழும்பில தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில கைத்தொழில் வடிவமைப்பாப் பதிய வேணும், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ. அஞ்சு வருஷத்துக்குத் தருவினம், ரெண்டு தரம் நீடிக்கலாம், மொத்தம் 15 வருஷம். ஆனா டிசைன் புதுசா இருக்க வேணும், அதால வட்ஸ்அப் குரூப்பில போட்டுட்டுப் பிறகு போய் நிக்காம முதல்லயே அங்க போய் விசாரியுங்கோ. என்னைக் கேட்டா ஒரு பிரதேசத் துணிக்குப் பூட்டுப் போடக்கூடாது, ஊரில உள்ள தையல்காரர் எல்லாரும் தைச்சு விக்கட்டும், பெயரை மட்டும் ஒரு சங்கம் பாத்துக்கொண்டாக் காணும்.

மட்டக்குளி வாசகி, வயது 71: கொட்டாஞ்சேனை தம்பி சொன்ன யோசனையை எங்க பேத்தி உங்க ஒப்பீசுக்கு வந்தப்போ கேட்டுட்டு வந்து எங்கிட்ட சொன்னா. எனக்கு மனசு ஒப்பல. நான் டிக்கோயாவுல ஒரு தோட்டத்துல பொறந்தவ. துரைமாரு ஸ்கொட்லாந்துக்காரங்க, எங்கள லயத்துல வச்சவங்க. எங்கம்மா இடுப்புல படங்கு கட்டி, தலையில கம்பளிய மடிச்சுப் போட்டுக்கிட்டு மழையில கொழுந்து எடுத்தா. அந்தக் கம்பளிக்கும் சம்பளத்துல புடிச்சாங்க. இப்ப அவங்க துணிய நாம ஏன் நம்ம துணின்னு சொல்லணும்?

அம்மா, உங்கட கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சன். நீங்கள் கேட்டதில ஒரு சொல்லும் பிழையில்லை. 1823ல இருந்து கோப்பித் தோட்டத்துக்கு ஆக்களைக் கொண்டு வந்ததும், 1867ல லூல்கந்துரவில ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டதும், தங்கட ஊர்ப் பெயரெல்லாத்தையும், எடின்பரோ, கிளாஸ்கோ, டன்சினேன், ஹோலிரூட் எண்டு மலை மலையா ஒட்டினதும் நடந்த விஷயம். நடந்து வந்து, காடு வெட்டி, வழியில செத்த ஆக்களின்ட ஊர்ப் பெயர் ஒரு மலைக்கும் வைக்கேல்ல. துரைமாருக்கு மரியாதை செய்யத்தான் இந்த டார்டன் எண்டா நான் இதுக்கு ஒரு வரி எழுதியிருக்க மாட்டன்.

ஆனா அந்தத் துணியின்ட கதையையும் ஒருக்காக் கேளுங்கோ. ஸ்கொட்லாந்து மலை நாட்டுக்காரர் 1746ல கலொடன் போரில தோத்த பிறகு, அவையின்ட உடுப்பையே சட்டம் போட்டுத் தடுத்தவை. ஆம்பிளையள் கில்ட் கட்டினா மறியல், ரெண்டாந்தரம் பிடிபட்டா நாடு கடத்தல். 36 வருஷம் கழிச்சு 1782லதான் அந்தச் சட்டத்தை எடுத்தது. அதுக்குப் பிறகுதான் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு டார்டன் எண்ட வழக்கமே இறுகினது, முந்தி ஊருக்கு ஊர் நெசவாளி தன்ட கைக்கு வந்த கட்டத்தை நெய்தார். அப்பிடி அடி வாங்கின மலைநாட்டில இருந்தும் ஆக்கள் பிறகு துரையா வந்து மற்ற சனத்தை லயத்தில வச்சதுதான் எனக்கும் ஆறாத விஷயம். துணி அவையிட்ட இருந்து வந்தது எண்டதுக்காக எடுக்கவும் வேண்டாம், அதே காரணத்துக்காக விடவும் வேண்டாம். உங்கட அம்மா செய்த வேலை அதில தெரியுமா எண்டு பாருங்கோ, தெரியாட்டி விட்டுடுவம்.

உங்கட கடிதம் வந்த அண்டைக்கு இரவு நான் அந்த மட்டையைத் திரும்ப எடுத்தன். மண்ணிறம் 12 எண்டு சுத்தியிருந்த நூலைக் கழட்டிட்டு, கம்பளியின்ட கறுப்பை அந்த இடத்தில சுத்தினன், அதே 12. பச்சைக்குப் பக்கத்தில அது நிண்ட உடனே பச்சை முந்தியை விட வெளிச்சமாத் தெரிஞ்சுது, பச்சையும் கறுப்பும் கலக்கிற இடம் மழை நேரத்துத் தேயிலை மலை மாதிரி ஒரு இருண்ட பச்சையா வரும். கொட்டாஞ்சேனை வாசகருக்கும் இந்தக் கணக்கை அனுப்பியிருக்கிறன், கம்பளிக் கறுப்பு எண்டே பெயரும் போட்டு.

மட்டையை உங்கட பேத்தியிட்டக் குடுத்து விடுறன். ஜன்னலுக்குப் பக்கத்தில வச்சுப் பாருங்கோ அம்மா, கம்பளி அந்தக் கறுப்புத்தானா, இல்லாட்டி இன்னும் கபிலமா இருந்ததா எண்டு நீங்கள்தான் சொல்ல வேணும். வேண்டாம் எண்டு பட்டால் அதையும் எழுதுங்கோ, அடுத்த இதழில போடுறன்.